திறப்பு இல்லாத வீட்டில் இரண்டு சம்மனசுகள்

1

இந்த மாசியோடு நான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு வருடம் ஆகிறது. வெளியே வந்தேன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. முன்னறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தேன். உடைத்தது ஒரு சம்மனசால், சிறகு வைத்த தேவதூதன் சிலையால். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், எங்கள் பூட்டன்மார் காலத்தில் யாரோ மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய சம்மனசு.

ஊரில் இருந்து "கனடாவில் என்ன வேலை?" என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் "ஒரு வயதுபோன மனுசியைப் பார்க்கிறேன்" என்று மட்டும்தான் பதில் போட்டிருந்தேன். மிச்சத்தை எழுத வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் இவரும் மகள் கௌரியும் கொழும்பிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குப் போனோம். பவேரியாவில் ஓர் அகதி விடுதியில் இரண்டு வருடம். விடுதிக் குசினியில் நின்று நின்று எனக்கு ஜேர்மன் பிடிபட்டது. பிறகு எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் ரொறன்ரோ வர வழி கிடைத்தது. இவர் பின்னால் வருவார் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அவருடைய பாஸ்போர்ட் அங்கே அதிகாரிகளிடம் இருக்கிறது. தங்கியிருக்கும் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்கே அவர் அனுமதி கேட்க வேண்டும். என் அகதி வழக்கு முடியும்வரை நான் கனடாவை விட்டுப் போகமுடியாது. அவர் அந்த மாவட்டத்தை விட்டுப் போகமுடியாது. எங்கள் குடும்பத்தின் நிலவரம் இதுதான்.

2

இங்கே வந்து ரெக்ஸ்டேலில் இவருடைய தங்கை இந்திராவின் அப்பார்ட்மென்றில் ஒதுங்கினோம். இந்திரா வேலை செய்த இடத்தில் ஒருவர், ஜேர்மன் தெரிந்த பெண் தேவை என்று சொன்னாராம். எங்கள் ஆட்களில் ஜேர்மன் தெரிந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். அப்படித்தான் அன்னாவின் வீட்டுக்குப் போனேன்.

வீடு எட்டோபிக்கோவில், ஹம்பர் ஆற்றுக்குக் கிட்ட. மாடியில்லை, கீழே பேஸ்மென்ற். அன்னாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பாரிசவாதம் வந்து தேறியபோது நாற்பது வருடமாகப் பேசிய ஆங்கிலம் மறந்துபோய், பிறந்த ஊர் ஜேர்மன் மட்டும் மிஞ்சியது. மகன் வோல்ற்றர் மார்க்கம் என்ற புறநகரில் புதுவீடு வாங்கி இருந்தார், கம்பியூட்டர் கம்பனி ஒன்றில் வேலை. அவருடைய ஜேர்மன் சின்னப்பிள்ளை ஜேர்மன். "பசிக்குதா, தூங்கு" என்பதற்கு மேல் போகாது. தாயோடு கதைக்க அவருக்கே நான் வேண்டியிருந்தது.

ஞாயிறு பின்னேரம் போய்ச் சேர்ந்தால் வெள்ளி பின்னேரம் வோல்ற்றரின் மனைவி வந்தபிறகுதான் நான் ரெக்ஸ்டேலுக்குப் பஸ் எடுக்கலாம். புதன்கிழமைகளில் வோல்ற்றர் சாமான் கொண்டுவருவார். மற்ற நேரமெல்லாம் முன்கதவும் பின்கதவும் பூட்டியிருக்கும். உள்ளே நின்றாலும் திறப்புப் போட்டால்தான் திறக்கக்கூடிய பூட்டு. யன்னல்களுக்கும் ஆணி முறுக்கியிருந்தார்.

காரணம் இருந்தது. முந்தின வருடம் பனிக்காலத்தில் அன்னா இரவு உடுப்போடு வீட்டைவிட்டு இறங்கி நடந்திருக்கிறார். ஆற்றங்கரையில் கண்டுபிடித்தபோது கால்விரல்கள் கறுத்திருந்தன. இரண்டை எடுத்துவிட்டார்கள். "உன்னிடம் திறப்பு இருந்தால் எப்படியும் உன்னிடமிருந்து வாங்கிவிடுவாள். அவளை உனக்குத் தெரியாது" என்றார் வோல்ற்றர்.

கொஞ்ச நாள் கழித்து ஆங்கிலத்தில் திறப்பைக் கேட்டுப் பார்த்தேன். ஜேர்மனில் 'பெக்கொமன்' என்றால் ஒன்றைப் பெறுவது. ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பில், "கான் ஐ பிகம் எ கீ?" என்றேன். நான் ஒரு திறப்பாக மாறலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே காரில் ஏறிப் போய்விட்டார். திறப்பு வரவில்லை.

இரண்டாம் முறை கேட்கவில்லை. என் வேலை அனுமதிப் பத்திரத்தில் வேலை தருபவர் என்று அவருடைய பெயர்தான் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பத்திரம் வெறும் கடதாசி.

இன்னொரு காரணமும் உண்டு. கலவரத்தின்போது கொழும்பில் பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசன் எங்களைத் தன் ஸ்டோர் அறைக்குள் விட்டு, யாரும் இல்லாத அறைபோலத் தெரிய வெளியே ஆமைப்பூட்டுப் போட்டார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே கௌரியின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். கூட்டம் வந்தது, பூட்டைப் பார்த்தது, போய்விட்டது. பூட்டினால் உயிர் தப்பியவள் நான். பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறேன் என்று வோல்ற்றர் சொன்னபோது என்னால் மறுத்துச் சொல்ல முடியவில்லை.

3

அந்த வீட்டின் முன்னறையில் இரண்டு சம்மனசுகள் இருந்தன. 'சம்மனசு' என்பது யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த றெஜினா சொல்லித்தந்த சொல். நாங்கள் சைவக்காரர். எங்களிடம் செட்டை முளைத்தவர்கள் இல்லை.

இரண்டும் ஒரு காலை மடித்து முழந்தாளிட்டு, கையில் ஆளுக்கொரு மெழுகுதிரித் தண்டு பிடித்திருந்தன. ஒன்று வலப்பக்கம் பார்க்கும், மற்றது இடப்பக்கம். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். பொன் தேய்ந்த இடங்களில், முழங்காலிலும் கன்னத்திலும், அடியில் பூசிய செம்மண் தெரியும். மலைப் பைன் மரம். கிட்டப்போனால் இன்னமும் பிசின் வாசம் வரும். பின்பக்கம் திருப்பினால் தோணிபோலக் குடைந்திருக்கும். மரத்தின் நடுவை எடுத்துவிட்டால் அது காய்ந்து வெடிக்காது என்று அன்னா சொன்னார். மனுசருக்கும் அது சரிவருமா என்று நான் கேட்கவில்லை.

முதல்நாள் அன்னா அவற்றைக் காட்டி "எங்கெல்" என்றார். எனக்கு அது "எங்கள்" என்று காதில் விழுந்தது. எங்களுடையது, தொடாதே என்கிறாராக்கும் என்று கையை இழுத்துக்கொண்டேன். பிறகுதான் விடுதியில் நத்தார் நேரம், கிறிஸ்மஸ் பாட்டுகளில் கேட்ட சொல் ஞாபகம் வந்தது. ஜேர்மனில் எங்கெல் என்றால் சம்மனசு. எங்கள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்னாவுக்குச் சொன்னேன். அவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றின் தலையைத் தட்டி "எங்கெல்" என்பார், என்னைப் பார்ப்பார், நான் "எங்கள்" என்று சொல்லவேண்டும்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வோல்ற்றர் அவற்றில் கண்ணாக இருந்தார். மெல்லிய தூரிகையால் மட்டும் தூசி தட்டவேண்டும். பனிக்காலத்து ஹீற்றர் காற்றில் மரம் வெடிக்கும் என்பதால் காற்று வரும் துளைகளுக்குப் பக்கத்தில் கிண்ணங்களில் தண்ணீர் வைக்கவேண்டும். காலையும் மாலையும் வைத்தேன். எங்கள் இரண்டுபேருக்கும் உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவற்றைச் செதுக்கியது அன்னாவின் தகப்பனுடைய பாட்டன். ஊர்க் கோவிலுக்காகச் செய்தது, கோவிலை இடித்துக் கட்டியபோது வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. தென் திரோல் என்ற ஆல்ப்ஸ் மலைநாட்டில் அவர்களுடைய பள்ளத்தாக்கு, பனி விழுந்தால் மாதக்கணக்கில் அடைபட்டுவிடும். போக இடமில்லாத அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு உளி எடுப்பார்கள். ஒரு வீட்டில் குதிரை மட்டும், ஒரு வீட்டில் சிலுவை மட்டும். பெண்கள் நிறம் தீட்டுவார்கள். அன்னா சின்ன வயதில் கண்கள் தீட்டியவர். "மற்றதெல்லாம் பிழைத்தால் சுரண்டலாம். கண் பிழைத்தால் அடுப்புக்குள் போடவேண்டியதுதான்" என்பார்.

ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அந்த மலைகள் இத்தாலியின் கைக்குப் போனபிறகு ஜேர்மன் பள்ளிக்கூடங்களை மூடினார்களாம். பிறகு இத்தாலி, ஜேர்மனி இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து சனங்களிடம் ஒரு கேள்வி கேட்டன. ஊரில் இருக்கப்போகிறாயா, மொழியோடு போகப்போகிறாயா. இரண்டும் சேர்ந்து கிடையாது.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"போகிறோம் என்றோம். போன இடத்தில் எங்கள் ஜேர்மனைக் கேட்டுச் சிரித்தார்கள்."

யுத்தம் முடிந்து, தச்சு வேலை தெரிந்த ஒருவரைக் கட்டி, சம்மனசுகளைப் பெட்டியில் வைக்கோல் சுற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார். புருசன் செத்துப்போனார். நல்ல அறிவாக இருக்கும் நாட்களில் என்னோடு இருந்து உருளைக்கிழங்கு தோலுரிப்பார். அறிவு மங்கிய நாட்களில் முன்கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "பெண்ணே, திற. இருட்டுமுன் மேலே ஊருக்கு ஏறவேண்டும்" என்பார். "என்னட்டையும் திறப்பு இல்லை" என்பேன். நம்பமாட்டார். சிலவேளை அழுவார். சிலவேளை நானும்.

4

கௌரி இந்திராவோடு இருந்தாள். இந்திராவின் இரண்டு பெடியன்களோடும் ஒரே ஆங்கிலம். வெள்ளி இரவு நான் பனியை உதறிக்கொண்டு உள்ளே போனால், "வாங்கோ அம்மா, ரீ குடிக்கிறீங்களா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்த ஆளைக் கேட்பதுபோல. முந்தி என் சட்டைக்குள் கையைவிட்டுக்கொண்டு தூங்கியவள்.

அந்த மார்கழியில் பள்ளிக்கூடத்தில் கலைவிழா. ஒரு வியாழன் பகல். கௌரிக்கு மேடையில் தனியாகச் சொல்ல நாலுவரி இருந்தது. அன்னாவின் வீட்டுக் குசினிச் சுவரில் இருந்த போனுக்கு எடுத்தாள்.

"அம்மா, வாறீங்களே? எல்லாற்ரை மம்மியும் வருவினம்."

"எனக்கு வேலை பிள்ளை. அன்ரி வருவா."

"ரெண்டு மணித்தியாலம்தான். நீங்க கேட்டுப் பாருங்கோ."

"ஏலாது கௌரி."

"ஓகே" என்றாள். அந்த ஓகே இப்போதும் காதுக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துச் செய்தி எதையும் என்னிடம் சொல்லவில்லை.

அம்மாவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இந்தப் பிள்ளையிடம். கொழும்பு ஸ்டோர் அறைக்குப் பிறகு அவள் குளியலறைக் கதவைக்கூடச் சாத்தவிடமாட்டாள். நான் வரவில்லை என்று அவள் கோபிப்பது, நான் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்து நித்திரையில்லாமல் கிடப்பதைவிட நல்லது என்று எனக்குப் பட்டது. இந்திராவுக்கு மட்டும் தெரியும்.

5

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் பேஸ்மென்றில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தேன். அன்னா கதிரையில் தூங்கிக்கொண்டு இருந்தார் என்றுதான் இறங்கியிருந்தேன். எழும்பிப் பால் காய்ச்சப் போயிருக்கிறார். மின் அடுப்பின் மேல் துடைக்கும் துணி கிடந்திருக்கிறது.

புகை மணத்து நான் மேலே ஓடிவந்தபோது திரைச்சீலை எரிந்து தீ குசினி அலுமாரிகளைப் பிடித்துவிட்டது. அன்னா நடுவில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தார். அவரை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து குசினிக் கதவைச் சாத்தினேன். போன் குசினிக்குள். பின்கதவும் குசினிக்குள். முன்கதவைப் பிடித்து உலுக்கினேன். அது அசையாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் உலுக்கினேன். அறை யன்னல்களில் முறுக்கிய ஆணியை நகத்தால் சுரண்டினேன். கதவின் கீழால் புகை வர ஆரம்பித்தது.

முன்னறையில் பெரிய கண்ணாடி. திறக்கிற யன்னல் அல்ல, பார்க்கிற யன்னல், குளிருக்காக இரட்டைக் கண்ணாடி. கதிரையைத் தூக்கி அடித்தேன். கதிரைக் கால் முறிந்தது.

அன்னா சோபாவில் இருந்தபடி இருமி இருமிச் சொன்னார், "எங்கெலை எடு."

எனக்கு விளங்கியது. கை போகவில்லை. நம்பமாட்டீர்கள், வீடு எரிகிறது, நான் "வோல்ற்றர் பேசுவார்" என்கிறேன்.

"வோல்ற்றர் இங்கே இல்லை. அது என் வீட்டு மரம். நான் சொல்கிறேன், எடு."

மெழுகுதிரித் தண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு இடுப்போடு சேர்த்துத் தூக்கினேன். உள்ளே குடைந்த மரம், நினைத்த பாரம் இல்லை. ஆனால் அடிப்பீடம் தடித்த பலகை. பீடம் முன்னால் இருக்கப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் இடித்தேன். உட்கண்ணாடி போயிற்று. திரும்ப ஓடி இடித்தேன். வெளிக்கண்ணாடியோடு சம்மனசும் என் கையை விட்டுப் போய் வெளியே பனிக்குள் விழுந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது.

சோபா மெத்தைகளை விளிம்பில் போட்டு அன்னாவைத் தூக்கி வெளியே விட்டேன். முன்வீட்டு மனுசன் பனி அள்ளிக்கொண்டு நின்றவர், சவளை எறிந்துவிட்டு ஓடிவந்து அவரை வாங்கினார். பிறகு நான் குதித்தேன். கை வெட்டி இரத்தம் வந்ததை யாரோ சொல்லித்தான் கண்டேன்.

தீயணைப்பு வண்டி வரும்வரை முன்வீட்டு வாசலில் ஒரே கம்பளிக்குள் இருவரும் இருந்தோம். சம்மனசு குப்புறக் கிடந்தது. ஒரு கையும் ஒரு செட்டையும் முறிந்துபோயின. அன்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இத்தனை வருடம் மெழுகுதிரிதான் பிடித்தது. இன்றைக்குத்தான் ஒரு வேலை செய்திருக்கிறது" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து நிறுத்தும்வரை சிரித்தார்.

6

ஆஸ்பத்திரியில் கைக்குத் தையல் போட்டார்கள். வோல்ற்றர் அங்கே வந்தபோது முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. தாயின் கட்டிலருகே நின்று அழுதார். அவர் பொய்யாக அழவில்லை. பிறகு, கையில் தாள்களோடு வந்த தீயணைப்பு அதிகாரியோடு நடையில் நின்று கதைத்தார். திரும்பி என்னிடம் வந்து மெதுவாக, "உன்னிடம் திறப்பு இருந்தது, அவசரத்தில் எங்கோ வைத்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே சொல். உன் பத்திரங்களுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அப்போது இந்திரா கௌரியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கௌரி என் கைக்கட்டைப் பார்த்தாள், கிட்ட வரவில்லை. அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் என் தலைக்குள் ஜேர்மனும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று சிக்கிக்கிடந்தன. மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியுமா என்று கேட்டார். கௌரி தலையாட்டினாள்.

"அம்மா, உங்களிட்டைத் திறப்பு இருந்ததோ எண்டு கேக்கிறார்."

இந்திரா தமிழில் குறுக்கிட்டாள். "ஓமெண்டு சொல்லுங்கோ மச்சாள். கேஸ் முடியுமட்டும் உந்தச் சோலி எங்களுக்கு வேண்டாம். அந்த மனுசன் கையெழுத்துப் போடாட்டி நாளைக்கு என்ன செய்யப்போறியள்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. ஓம் என்றால் பத்திரம் மிஞ்சும், வேலை மிஞ்சும். இன்னொரு வீடு, வேறு கதவு, அதே பூட்டு. அதிகாரி பேனாவோடு காத்து நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் வோல்ற்றர். கௌரி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டை ஒருநாளும் திறப்பு இருந்ததில்லை எண்டு சொல்லு."

அவள் சொல்லவில்லை. "ஒருநாளுமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்."

"பகலிலையும் பூட்டியே இருந்தது?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஸ்கூல் கொன்சேட் அண்டைக்கு..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினாள். ஒரு வசனத்தில் முடிகிற பதிலுக்கு நீளமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கியமட்டில், அம்மாவிடம் திறப்பு இல்லை, ஒருநாளும் இருக்கவில்லை, அதனால்தான் என் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, வர விருப்பமில்லாமல் இல்லை என்றாள். அதிகாரி கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு அவள் வந்து என் தையல் போடாத கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்வரை விடவில்லை.

7

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். வோல்ற்றருக்கு என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் வேலை போயிற்று, அனுமதிப் பத்திரமும் செல்லாமல் போயிற்று. இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஒரு பெண் எனக்காக அலைந்து புதுப் பத்திரம் வாங்கித்தர இலை உதிர்காலம் வந்துவிட்டது. அதுவரைக்கும் இந்திராவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டது தனிக்கதை.

இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் நிற்கிறேன். விடிய முந்திப் பஸ். சூடான விரிப்புகளை மடிக்க மடிக்கக் கை காய்ந்துபோகிறது. மத்தியானம் வெளியே போய் நின்று சாப்பிடுகிறேன், பனி கொட்டினாலும். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அகதி வழக்கு விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. போன் எடுத்துக் கேட்டால் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அன்னாவை மிசிசாகாவில் வேறோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். ஜோடி பிரிந்தால் மதிப்பில்லை என்று வியாபாரி சொன்னதால் தீக்குத் தப்பி முழுதாக இருந்த சம்மனசையும் வோல்ற்றர் விற்கவில்லை, முறிந்ததையும் வீசவில்லை. இரண்டையும் தாயின் அறையில் வைத்திருக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். அங்கே கதவுக்கு இலக்கம் அழுத்தவேண்டும். அன்னாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது. ஆனால் ஜேர்மனில் கதைத்ததும் முகம் மலர்ந்தது. "கதவு திறந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் நீயும் இரு" என்று கட்டிலில் இடம் விட்டார். பின்னேரம்வரை இருந்தேன்.

போன ஞாயிறுவரை இவருக்கு இது ஒன்றும் தெரியாது. எரிந்த வீட்டையும் சொல்லவில்லை, பூட்டையும் சொல்லவில்லை. விடுதியில் ஒரு அறைக்குள் ஆறுபேரோடு இருக்கிற மனுசனுக்கு அதையும் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தேன். அன்றைக்குப் போன் எடுத்தார். தெருமுனைப் போன்பெட்டியில் நின்று எடுப்பார், நின்று கதைக்கிறவரின் மூச்சுக்கூடக் கேட்கும். வழமையான விசாரிப்பு முடிந்து, "கௌரியிட்டைக் குடு" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம், பனி, குளிர் என்று போன கதை திடீரென்று வேறுபக்கம் திரும்பியது. "அப்பா, உங்களுக்குத் தெரியுமா, அம்மா பெரிய ஜன்னலை உடைச்சவ" என்று தொடங்கிவிட்டாள். நான் கையால் வேண்டாம் என்று காட்டினேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "அவ லொக்ட் இன், அப்பா. ஆனா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறகு அந்த வயதுபோன அன்ரியைத் தூக்கி வெளியாலை விட்டவ." நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். அவள் சொன்ன கதையில் நான் பயப்படவே இல்லை.

பிறகு அவள் பேச்சு நின்றது. ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா அழுறார். நான் என்ன சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதை" என்றேன். "வச்சிடாமல் பிடிச்சுக்கொண்டு நில்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அங்கே பெட்டிக்குள் போட்ட காசு முடிந்து லைன் அறும்வரை அப்படியே நின்றாள்.